தோற்றவர்கள் எழுதியதிலிருந்து தொடங்குங்கள்

"பாடப்புத்தகத்துக்கு வெளியே வரலாறு எதுவும் வாசித்ததில்லை. போர், ராணுவம், அரசியல் இவற்றைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகங்களில் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு தலைப்புகள் கொண்ட பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். அதில் பாதியைப் பட்டியல் போட்டவரே முடித்திருக்க மாட்டார். நான் கொஞ்சம் புத்தகங்களை மட்டும், ஏன் என்ற காரணத்தோடு சொல்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். போரையும் அரசியலையும் பற்றி எழுதப்பட்டவற்றில் காலம் கடந்து நிற்பவை பெரும்பாலும் தோற்றவர்கள் எழுதியவை. வென்றவருக்குத் தன் வெற்றி இயல்பாகவே நடந்ததுபோலத் தோன்றும். அதைத் தோண்டிப் பார்க்கும் அவசியம் அவருக்கு வருவதில்லை. தோற்றவரை 'எங்கே பிசகியது?' என்ற கேள்வி விடாது. அந்தக் கேள்வியை அவர் தன்னை நோக்கியும் கேட்டிருந்தால் அது படிக்க வேண்டிய புத்தகம். மற்றவர்களை நோக்கி மட்டும் கேட்டிருந்தால் அது வேறு வகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மார்க் பிளாக் எழுதிய 'ஸ்ட்ரேஞ்ச் டிஃபீட்'. பிளாக் பிரான்ஸின் பெரிய வரலாற்று ஆய்வாளர். இடைக்கால ஐரோப்பாவின் விவசாய வாழ்க்கையை ஆராய்ந்தவர். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர். 1939இல் 53 வயதில், ஆறு பிள்ளைகளின் தகப்பன், மறுபடி சீருடை போட்டார். பிரெஞ்சு முதலாம் ராணுவத்துக்கு எரிபொருள் போய்ச் சேருவதைக் கவனிக்கும் வேலை. 1940 மே, ஜூனில் ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. பிளாக் டன்கர்க்கிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனார், உடனே பிரான்ஸ் திரும்பினார். ஜெர்மானியர்கள் ரென் நகருக்குள் நுழைந்தபோது சீருடையைக் கழற்றிவிட்டு, சொந்தப் பெயரிலேயே ஓட்டலில் அறை எடுத்துத் தப்பினார். அந்தக் கோடைக்காலத்திலேயே உட்கார்ந்து இதை எழுதிவிட்டார்.

மூன்றே அத்தியாயங்கள். முதலாவதில் தான் யார், எங்கிருந்து பார்த்தேன் என்று சொல்கிறார். நீதிமன்றத்தில் சாட்சி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதைப் போல. இரண்டாவது, தோற்ற ராணுவத்தின் உள்விவரம். தளபதிகள் 1918இன் வேகத்தில் யோசித்தார்கள், எதிரி 1940இன் வேகத்தில் வந்தான் என்பதுதான் சாரம். எதிரி எதிர்பார்த்த இடத்தில் இருக்கவே மாட்டான். தலைமையகத்திலோ கோப்புகள் மேசையிலிருந்து மேசைக்கு ஒழுங்காக நகர்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது அத்தியாயம்தான் இந்தப் புத்தகத்தைப் பெரிதாக்குகிறது. தொழிற்சங்கம், முதலாளிகள், பத்திரிகைகள், பள்ளிகள் என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் போன்ற பேராசிரியர்களையும் கூண்டில் ஏற்றுகிறார். ஆபத்து வருவது தெரிந்தும் படிப்பறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தோம் என்கிறார். பிறகு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1944 ஜூனில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒளித்துவைத்த கையெழுத்துப் பிரதி 1946இல் அச்சானது. இருநூறு பக்கம்கூட வராது. ராணுவ வரலாறு, அரசியல், சுயவிசாரணை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இதற்கு மேல் ஒன்றை என்னால் காட்ட முடியாது.

இந்த வரிசைக்கு மூத்தவர் துசிடிடீஸ். ஏதென்ஸின் தளபதி. கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸ் என்ற ஊரைக் காப்பாற்றக் கப்பல்களோடு போனார். அவர் சேர்வதற்குள் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ் ஊரைப் பிடித்துவிட்டான். தண்டனை, இருபது ஆண்டு நாடுகடத்தல். தன் புத்தகத்தில் இந்தச் சம்பவத்தைப் படர்க்கையில், சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல் சில வரிகளில் முடித்துவிடுகிறார். நாடுகடத்தப்பட்டதால் இரு தரப்பையும் பார்க்க முடிந்தது என்று ஓரிடத்தில் குறிப்பிடுகிறார், அவ்வளவுதான். 'பெலொப்பொனேசியப் போரின் வரலா'ற்றை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் ஊர்ப்பெயர்களிலேயே மூச்சு முட்டும். ஆறாம், ஏழாம் பகுதிகளில் வரும் சிசிலிப் படையெடுப்பை முதலில் படியுங்கள். ஒரு ஜனநாயகம் உற்சாகத்தோடு கைதூக்கி வாக்களித்துத் தன் கடற்படையையே அழிவுக்கு அனுப்பிய கதை. ஏதென்ஸின் கைதிகள் கல்குவாரிகளில் வெயிலிலும் குளிரிலும் மடிவதோடு அது முடிகிறது. அது பிடித்திருந்தால் முந்தைய பகுதிகளுக்குப் போய் கொள்ளைநோய்ப் பகுதியையும் மெலோஸ் தீவு உரையாடலையும் படிக்கலாம். கொள்ளைநோய் அவரையும் பிடித்தது. பிழைத்து எழுந்து எழுதினார். வரைபடங்கள் நிறைந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வரைபடம் இல்லாமல் இதைப் படிப்பது வீண் உழைப்பு.

மாக்கியவெல்லியும் தோற்றவர்தான். பதினாலு ஆண்டு ஃபுளோரன்ஸ் குடியரசுக்கு அதிகாரியாக உழைத்தார். அவர் பாடுபட்டுத் திரட்டிய குடிமக்கள் படை 1512இல் பிராட்டோவில் சிதறி ஓடியது, குடியரசு கவிழ்ந்தது, அடுத்த வருடம் அவரைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்தார்கள். அதே 1513இல் பண்ணை வீட்டில் ஒதுங்கியிருந்தபடி எழுதியது 'இளவரசன்'. இதைச் சூழ்ச்சிக் கையேடாகப் படிப்பவர்கள் அதிகம். பதவி போனவர், பதவி எப்படிப் போகிறது என்று கூறுபோட்டுப் பார்த்த புத்தகமாகப் படித்தால் வேறு மாதிரி தெரியும். சின்னச் சின்னதாக 26 அத்தியாயம், இரண்டு மாலை போதும்.

கிளாஸ்விட்ஸின் 'ஆன் வார்' புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பவர்களில் படித்தவர்கள் குறைவு. முழுவதும் படிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்ய ராணுவத்தில் இருந்து கைதியானவர். அந்தத் தோல்வியைத்தான் வாழ்நாள் முழுக்க யோசித்தார். 1831இல் காலராவில் இறந்தபோது புத்தகம் முடியவில்லை. அடுத்த ஆண்டு முதல் பதிப்பித்தவர் மனைவி மரீ. முதல் பகுதியின் முதல் அத்தியாயத்தையும் ஏழாவதையும் மட்டும் இப்போதைக்குப் படியுங்கள். போரில் எல்லாமே எளியவைதான், ஆனால் எளியதைச் செய்வதுதான் கடினம் என்று ஏழாவதில் விளக்குகிறார். மழை பெய்யும், வண்டி பிந்தும், செய்தி திரிந்து வரும். அதைப் படித்தபின் எந்தப் போர்ச் செய்தியையும் பழைய கண்ணால் பார்க்க முடியாது. பழைய சீனாவின் 'போர்க் கலை'யை எழுதிய சன் சூவைக் கேட்பீர்கள் என்று தெரியும். பதின்மூன்று சிறு அத்தியாயம், ஒரே அமர்வில் முடிந்துவிடும், படித்து வையுங்கள். அதை வைத்து எழுதிய நிர்வாகப் புத்தகங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

தளபதிகளின் நினைவுக்குறிப்புகளில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் அது பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி', 1956. ஸ்லிம் கடைசியில் வென்றவர். ஆனால் புத்தகத்தின் முதல் பெரும்பகுதி 1942இல் ஜப்பானியர்களிடம் பர்மாவிலிருந்து இந்திய எல்லை வரை அடிபட்டு ஓடிவந்த கதை. அதை அவர் எழுதும் விதம் அபூர்வம். இந்த முடிவை நான் எடுத்தேன், தப்பு, அதற்கு இத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். 1944இல் கோஹிமாவுக்கு ஜப்பானியர்கள் ஒரு ரெஜிமென்ட்டைத்தான் அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டார். வந்தது முழு டிவிஷன். அதையும் மறைக்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது, சண்டை நடக்காத நாட்களைப் பற்றிய பகுதிகள். 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்கிறார். அந்தக் கணக்கில் போனால் சில மாதங்களில் படையே இருக்காது. மலேரியா மாத்திரையை எல்லோரும் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை வைத்தார். விழுங்கவைக்காத கமாண்டர்களை வேலையிலிருந்து தூக்கினார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்கவில்லை. கல்கத்தாவின் சணலில் பாராசூட் தைக்கவைத்தார். போர் என்றால் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர், போர் என்றால் மருந்து, சாலை, அரிசி, கோவேறு கழுதை என்று தெரிந்துகொண்டு வெளியே வருவார். ஸ்லிம் நடத்திய அந்த 14ஆம் ராணுவத்தில் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க, இந்திய ராணுவத்தில் முன்பு அதிகாரியாக இருந்த ஸ்ரீநாத் ராகவன் எழுதிய 'இந்தியாஸ் வார்' (2016) இருக்கிறது. 25 லட்சம் பேர் கொண்ட படையை ஒரு காலனி நாடு எப்படித் திரட்டியது, அதற்கு அந்நாட்டு மக்கள் என்ன கொடுத்தார்கள் என்பது அதில்.

சரி, இப்போது அந்த இன்னொரு வகைத் தோல்வியாளர்கள். ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் 'லாஸ்ட் விக்டரீஸ்' 1955இல் வந்தது. விறுவிறுப்பானது, போர்க்கள நகர்வுகளைத் தெளிவாகச் சொல்வது. அதன் வாதம், தலைப்பிலேயே இருக்கிறது: நாங்கள் ஜெயித்திருப்போம், ஹிட்லர் கெடுத்தார். 1941 நவம்பரில் யூதர்களுக்கு எதிரான கடுமையை நியாயப்படுத்தித் தானே கையெழுத்திட்ட உத்தரவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1949இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவருக்குப் பதினெட்டு ஆண்டு விதித்தது. ஜெர்மன் தளபதிகள் எழுதிய இப்படிப்பட்ட புத்தகங்களால்தான் 'ராணுவம் சுத்தம், குற்றமெல்லாம் நாஜிக் கட்சிக்காரர்களுடையது' என்ற கதை பல பத்தாண்டுகள் ஓடியது. மான்ஸ்டைனைப் படிக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். கூடவே ஓமர் பார்டோவின் 'ஹிட்லர்ஸ் ஆர்மி'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சிப்பாய்கள்வரை அந்தச் சித்தாந்தம் எப்படி ஊறியது என்று அது காட்டும்.

1971இல் டாக்காவில் சரணடைந்த ஜெனரல் நியாஜியின் 'தி பெட்ரேயல் ஆஃப் ஈஸ்ட் பாகிஸ்தான்' அதே ரகம். தலைப்பைப் பார்த்தாலே தெரியும், துரோகம் செய்தது மற்றவர்கள். அந்தப் போரைச் சரியாகப் புரிந்துகொள்ள ராகவனின் '1971'ஐயும் கேரி பாஸின் 'தி பிளட் டெலிகிராம்'மையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் 2013இல் வந்தவை. பாஸ், நிக்சனின் ஒலிப்பதிவுகளைத் தோண்டி எடுத்து, டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டின் எதிர்ப்புத் தந்தியைச் சுற்றிக் கதையைக் கட்டுகிறார், கோபம் தெறிக்கும். ராகவன் நிதானமாக, வங்கதேசம் பிறந்தது தவிர்க்க முடியாதது அல்ல, பல தலைநகரங்களில் எடுத்த முடிவுகள் சேர்ந்து நடந்தது என்கிறார். எனக்கு ராகவனின் வாதம் உறுதியானதாகப் படுகிறது. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாதது பாஸின் புத்தகம்.

1962 சீனப் போருக்கு மூன்று புத்தகங்களை ஒன்றோடொன்று மோதவிடலாம். பிரிகேடியர் ஜான் தல்வி, நம்கா சூ ஆற்றோரம் தன் ஏழாவது பிரிகேடு நொறுங்கியதைப் பார்த்துச் சீனர்களிடம் கைதியானவர். அவருடைய 'ஹிமாலயன் பிளண்டர்' 1969இல் வந்தது. பருத்திச் சீருடையோடு, போதிய குண்டுகள் இல்லாமல், மலையுச்சிக்குத் தள்ளப்பட்டவர்களின் கோபம் அது. அவருக்கு மேலே கோர் கமாண்டராக இருந்த பி.எம். கௌல், அதற்கு இரண்டு வருடம் முன்பே 'தி அன்டோல்ட் ஸ்டோரி'யில் தன் பக்க நியாயத்தை எழுதிவிட்டார். ஒரே ஆற்றங்கரை, ஒரே வாரம், இரண்டு புத்தகங்களிலும் இரண்டு வேறு உலகம். மூன்றாவது, லண்டன் டைம்ஸின் டெல்லி நிருபராக இருந்த நெவில் மேக்ஸ்வெல்லின் 'இந்தியாஸ் சைனா வார்' (1970). பழியை, சர்ச்சைக்குரிய எல்லையில் முன்னேறிக் காவல்நிலைகள் போடும் நேருவின் கொள்கைமீது போடுகிறது. சீனத்தின் பக்கம் சாய்கிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் இந்திய ராணுவமே தோல்வியை விசாரித்து எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அவர் பார்த்திருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

போரே பார்க்காதவர் எழுதிய மகத்தான புத்தகமும் உண்டு. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய ஜான் கீகன், தான் எந்தப் போரிலும் இருந்ததில்லை, பக்கத்தில்கூடப் போனதில்லை என்ற வாக்குமூலத்தோடுதான் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' (1976) புத்தகத்தை ஆரம்பிக்கிறார். அஜின்கோர்ட் 1415, வாட்டர்லூ 1815, சோம் 1916. மூன்று போர்க்களங்கள், மூன்றிலும் ஒரே கேள்வி: அங்கே நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு என்ன தெரிந்தது, ஏன் ஓடாமல் நின்றான்? வாட்டர்லூவில் புகை மூடி எதிரியே கண்ணுக்குத் தெரியாத இடங்கள் இருந்தன. 'இடது பிரிவு முன்னேறியது' என்று வரைபடத்தில் அம்பு போட்டு எழுதும் போர் வரலாறு அதன் பிறகு கொஞ்சம் பொய்யாகத்தான் தெரிகிறது.

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்பதற்கு எல்லோரும் பார்பரா டக்மனின் 'தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' (1962) என்பார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடியின் மனதில் இருந்த புத்தகம் என்ற புகழும் அதற்கு உண்டு. நடை அபாரம். ஆனால் போரின் தீப்பொறி விழுந்த பால்கன் பகுதியை டக்மன் ஏறக்குறைய விட்டுவிட்டார். கிறிஸ்டோபர் கிளார்க்கின் 'தி ஸ்லீப்வாக்கர்ஸ்' (2012) அதற்கு நேர்மாறாக 1903இல் பெல்கிரேடில் ராஜாவையும் ராணியையும் அதிகாரிகள் வெட்டிச் சாய்த்த இரவிலிருந்து தொடங்குகிறது. டக்மனிடம் முதன்மைக் குற்றவாளி ஜெர்மனி. கிளார்க்கிடம் யாரும் தனிக் குற்றவாளி இல்லை. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அரசியலுக்கு ஆர்வெல்லின் 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' (1938). ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகச் சண்டையிடப் போனார், கழுத்தில் குண்டு பாய்ந்து பிழைத்தார், கடைசியில் தன் அணியினரைக் கம்யூனிஸ்டுகளே வேட்டையாடியதால் தப்பி ஓடவேண்டி வந்தது. நான் ஒரு மூலையிலிருந்து பார்த்தவன், என் சார்பைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று வாசகனை எச்சரிக்கவும் செய்கிறார். ஆர்வெல் உயிரோடு இருந்தவரை முதல் அச்சுப் பிரதிகளே விற்றுத் தீரவில்லை.

அடுத்து அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்'. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை. உள்ளடக்கத்தைப் பார்த்து அமைப்பாளர்கள் பின்வாங்க, கூட்டமே நடக்கவில்லை. அவரே அச்சிட்டு வெளியிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுத்து எழுதினார். அடுத்த பதிப்பில் காந்தியின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே போட்டார். அந்தப் பகுதிகள் உள்ள பதிப்பாகப் பாருங்கள். அரசியல் வாதம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

அதிகாரம் என்ற ஒன்று நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, ராபர்ட் கேரோ எழுதிய, அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் வரலாறு. நான்கு பெரும் தொகுதிகள் வந்துவிட்டன, கதை இன்னும் முடியவில்லை. முதல் தொகுதியில் மின்சாரம் வராத டெக்சஸ் மலைப்பகுதிப் பெண்கள் தண்ணீர் இறைத்து, இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் துணி தேய்த்த அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். அதற்காகவே கேரோ மனைவியோடு அங்கே குடியேறினார். மின்சாரம் கொண்டுவந்த அதே ஆள் 1948 தேர்தலில் 87 வாக்கில் ஜெயித்த கதை இரண்டாம் தொகுதியில். இரண்டையும் படித்தால் அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பெட்டிக்குள் போட முடியாது.

தமிழில் நேரடியாக இருப்பதில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு இணை இல்லை. 1736இலிருந்து 1761 வரை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அருகில் இருந்த துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) எழுதிவைத்தது. கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார், 1746இல் சென்னை பிடிபட்டது, 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது, எல்லாம் அன்றன்றைய பேச்சுத்தமிழில். அவருக்கும் சார்பு உண்டு. டூப்ளேயின் மனைவியைப் பற்றி எழுதும்போது பேனா விஷம் கக்கும். பிரெஞ்சுக் கனவு சரிவதையும் பார்த்துவிட்டு, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்புதான் இறந்தார். மொத்தமாகப் படிக்க வேண்டாம்; 1746 முதல் 1748 வரை போதும்.

சோழர்களைப் பற்றி ஆர்வம் இருந்தால் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவர் காட்டியது அதிகாரிகள் நிறைந்த வலுவான பேரரசு. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் அதை மறுத்து, மையத்துக்குச் சடங்கு மரியாதை மட்டுமே இருந்தது, உண்மையான அதிகாரம் 'நாடு' எனப்பட்ட ஊர்த்தொகுதிகளில் இருந்தது என்றார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிப் பார்த்து, ஸ்டைன் சொன்னது அவ்வளவு தூரம் சரியல்ல என்று காட்டினார்கள். அப்புறம், ஈழப் போராட்டம் பற்றி 'முறிந்த பனை'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர், போருக்கு நடுவே இருந்தபடியே, இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் மூவரையும் விசாரித்து எழுதியது. அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆங்கில மூலம் 1990இல் வந்தது. இதன் முடிவுகளோடு நீங்கள் சண்டை போடலாம். பிளாக்கின் மூன்றாவது அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தகுந்த புத்தகம்.

வரிசை கேட்டால்: ஆர்வெல், பிளாக், ஸ்லிம். இந்த மூன்றும் முடிந்தால் 1962 அல்லது 1971, எது இழுக்கிறதோ அது. துசிடிடீஸும் கிளாஸ்விட்ஸும் அதற்கு அப்புறம் போதும். மூன்று புத்தகங்கள் முடித்தும் பிடிக்கவில்லையென்றால், எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், வேறு சொல்கிறேன்.